நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல

— அந்தச் சிவப்புப் பொத்தானை விட்டுடுங்க சார். ஒரு தடவை அமுக்கினாலே எனக்கு மணி அடிச்சுடும்.

— அப்பாடா, மனுஷக் குரல் கேட்டுது. அம்மா, லிஃப்ட் நின்னுபோச்சு. நாலைத் தாண்டிச்சு, அஞ்சு வரல. நடுவுல அந்தரத்துல தொங்கிக்கிட்டிருக்கேன்.

— தெரியும். பயப்படாதீங்க. விளக்கு எரியுதா? காத்தாடி சுத்துதா?

— அதெல்லாம் ஜோரா இருக்கு. விளக்கு எரியுது, காத்தாடி சுத்துது, பெட்டி மட்டும் நகர மாட்டேங்குது. இது என்ன மாதிரி கோளாறு?

— என் தம்பி மேல மோட்டார் அறையில பார்த்துக்கிட்டிருக்கான். மெக்கானிக். பெட்டி விழாது. சுவர்ல சாய்ஞ்சு நில்லுங்க.

— நீங்க யாரு, வாட்ச்மேன் வீட்டம்மாவா?

— இல்ல. நான் மேல ஒரு ஆபீஸ்ல இருக்கேன். வாட்ச்மேன் சொல்லாம கொள்ளாம எழுந்து போயிடுவார். அதனால லிஃப்ட் மணியை என் பக்கம் திருப்பிவிட்டிருக்காங்க. இந்தக் கட்டடத்துலயே இருந்த இடத்தை விட்டு நகராத ஆள் நான்தான்.

— எங்க ஆபீஸுக்கு இப்படி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கோம், அதுல ஆள் இல்ல, கழட்டி மாட்டின கோட்டுதான் உட்கார்ந்திருக்கு. சரி, எவ்வளவு நேரம் ஆகும் அம்மா? … ஹலோ? … அம்மா, போயிட்டீங்களா?

— கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். கொஞ்ச நேரம் ஆகும்.

— பதில் வரவே கொஞ்ச நேரம் ஆகுதே உங்களுக்கு.

— என் பக்கத்துக் கம்பி அப்படி. நீங்க பேசறது எனக்கு உடனே வந்துடும். நான் பேசறது உங்களுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். நடுவுல பேசாம காத்திருங்க.

— காத்திருக்கிறதா? நல்ல ஆளைப் பார்த்துச் சொன்னீங்க. நான் வானொலிக்காரன் அம்மா. மைக்கைத் திறந்து வெச்சுட்டு சத்தம் போடாம இருந்தா எங்களுக்குக் கொலைக் குற்றம். நேயர் அடுத்த நிலையத்துக்குத் திருப்பிடுவார். அதனால எங்க மௌனம் தெரிஞ்சாலும் ஓடிப் போய் அடைச்சுடுவேன். பழகிப் போச்சு.

— அதான் மூச்சு விடாம பேசறீங்களா?

— பரவாயில்லையே. லேட்டா வந்தாலும் குத்தலாத்தான் வருது.

— கண்ணாடியில தலை சீவினது போதும் சார். நல்லாத்தான் இருக்கு.

— அட. பார்க்கவும் செய்யறீங்களா?

— மேல வலது மூலை. கறுப்பா ஒரு உருண்டை.

— இது நியாயமே இல்ல. நான் என்னமோ உத்துப் பார்த்து மூக்கு முடி எல்லாம் சரி பண்ணிக்கிட்டிருக்கேன். நீங்க என்னைப் பார்க்கறீங்க, நான் உங்களைப் பார்க்க முடியல.

— மேல வந்தா பார்க்கலாம். எந்த மாடி?

— ஏழு. நரம்பு நோய்ச் சங்கம்னு ஒண்ணு இருக்காமே. இயக்க நரம்பு நோய்.

— நான் இருக்கிறதே அங்கதான்.

— அப்படிப் போடுங்க. சங்கத்து ஆளா நீங்க? உங்க செயலாளரைப் பார்க்கத்தான் வந்தேன். போன்லயே சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா 'முடியாது'ங்கிற வார்த்தையை போன்ல சொல்றது எனக்குப் பிடிக்காது. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்.

— எது முடியாது?

— ஒரு நிமிஷ அறிவிப்பு ஒண்ணு அனுப்பியிருந்தீங்களே, இந்த நோயைப் பத்தி. காலைச் செய்திக்கு முன்னாடி ஒரு இடம் காலியா இருக்கு. மாசம் முழுக்க காசு வாங்காம போடலாம்னுதான் எடுத்தேன். ஊரே பல் தேய்ச்சுக்கிட்டு கேட்கிற நேரம் அது. சாயந்திரத்துக்குள்ள நான் முடிவு சொல்லணும், இல்லன்னா சோப்பு விளம்பரக்காரன் அள்ளிக்கிட்டுப் போயிடுவான். ஆனா கேட்டதும் எனக்கு ஒட்டல. வேண்டாம்னு வெச்சுட்டேன்.

— எதனால ஒட்டல?

— குரல். 'நான் ஒரு நோயாளி'ன்னு ஆரம்பிக்குது. ஆனா குரல் கணீர்னு இருக்கு, ஒரு பிசிறு கிடையாது. நோயாளின்னா நடுங்க வேண்டாமா? மூச்சு வாங்க வேண்டாமா? கேட்கிறவன் மனசு உருகினாத்தானே வேலை நடக்கும்?

— எப்படி நடுங்கணும்? செஞ்சு காட்டுங்க.

— லிஃப்ட்லயா?

— வேற வேலை இருக்கா?

— அதுவும் சரிதான். கேளுங்க. 'நா…ன் ஒரு… நோ…யா…ளி.' பார்த்தீங்களா? 'நோ'வுல ஒரு இழுப்பு, கடைசியில குரல் உடையணும். அந்த உடைசல்லதான் கேட்கிறவன் கண்ணைத் துடைப்பான்.

— ஹஹ்ஹஹ்ஹா… ஐயோ, மறுபடி தப்பு.

— என்ன தப்பு? நல்லாத்தானே செஞ்சேன்?

— தப்பில்ல. சிரிச்சேன். உங்களுக்கு அந்த நோய் என்னன்னு தெரியுமா?

— உண்மையைச் சொன்னா அரைகுறைதான். கை கால் விழுந்துடும்னு தெரியும். பக்கவாதத்துக்குத் தங்கச்சின்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். அந்த அறிவிப்பைக்கூட குரலைத்தான் கேட்டேன், விஷயத்தைக் காதுல வாங்கல. தொழில் புத்தி. இப்பத்தான் நேரம் இருக்கே, சொல்லுங்களேன்.

— மூளை சொல்றதைத் தசைக்குக் கொண்டு போற நரம்புகள் ஒவ்வொண்ணா செத்துக்கிட்டே வரும். ஒருத்தருக்குக் கையில ஆரம்பிக்கும், ஒருத்தருக்குக் காலுல, ஒருத்தருக்கு நாக்குல. கடைசியில மூச்சு விடற தசை வரைக்கும் போகும். ஏன் வருதுன்னு பெரும்பாலானவங்களுக்குச் சொல்ல முடியல. தொத்தாது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மருந்து உண்டு, குணமாக்கத்தான் இன்னும் வழி இல்ல. வலி இல்லாம ஆரம்பிக்கிறதால நிறையப் பேர் கண்டுக்காம விட்டுடறாங்க.

— அம்மாடி. இது மட்டும் எப்படிக் கடகடன்னு வந்துது? 'எவ்வளவு நேரம்'னு கேட்டா யோசிக்கறீங்க, நோயைக் கேட்டா மழை மாதிரி கொட்டறீங்க.

— தினமும் சொல்றது. தயாராவே வெச்சிருக்கேன்.

— எனக்கு இன்னும் பிடிபடல. மூளை நல்லா இருக்கு, கையும் நல்லா இருக்கு, அப்புறம் ஏன் வேலை செய்யாது?

— நீங்க எத்தனை தடவை ஏழாம் நம்பரை அமுக்கினீங்க?

— ஒரு பத்துப் பதினஞ்சு தடவை இருக்கும். குத்திக்கூடப் பார்த்தேன்.

— பொத்தான்ல பழுதில்ல. பெட்டியில பழுதில்ல. விளக்கு எரியுது, காத்தாடி சுத்துது. ஆனா நகரல.

— நடுவுல இருக்கிற கம்பி.

— அதுதான்.

— அடேயப்பா. அப்ப உள்ள இருக்கிற ஆளு?

— உங்களை மாதிரிதான். முழுசா இருப்பாங்க.

— சே. இப்ப இந்தப் பெட்டிக்குள்ள நிக்கிறதே ஒரு மாதிரி இருக்கு. மூளை மங்காதா அப்போ?

— சிலருக்கு அதுவும் பாதிக்கும். நிறையப் பேருக்கு நல்லாவே இருக்கும். எல்லாம் கேட்கும். எல்லாம் புரியும். கொசு கடிச்சா தெரியும். அடிக்கத்தான் முடியாது.

— இதைச் சிரிச்சுக்கிட்டா சொல்றீங்க?

— பின்ன? கொசுவைப் பார்த்து அழவா முடியும்?

— உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது இருக்கா? இவ்வளவு நுணுக்கமா சொல்றீங்களே.

— ஒருத்தங்க இருக்காங்க. எனக்கு ரொம்ப நெருங்கினவங்க. நான் எங்க போனாலும் கூடவே வருவாங்க.

— அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? முதல்ல என்ன ஆச்சு? … அம்மா? … கம்பி மறுபடி மக்கர் பண்ணுதா? … ஹலோ?

— காத்திருக்கச் சொன்னேன் இல்ல? முதல்ல செருப்பு. நடக்கும்போது இடது கால் செருப்பு மட்டும் கழண்டு பின்னாடி நின்னுடும். செருப்பு சரியில்லன்னு வேற வாங்கினாங்க. அதுவும் நின்னுது. கடைக்காரரைத் திட்டினாங்க.

— அப்புறம்?

— சாவி. வீட்டுப் பூட்டுல சாவி திரும்பல. பூட்டுக்கு எண்ணெய் விட்டாங்க. பூட்டைக் கழட்டிப் பார்த்தாங்க. விரல்னு யாருக்குத் தோணும்?

— எனக்கும் தோணியிருக்காது. எண்ணெய்தான் விட்டிருப்பேன்.

— அப்புறம் நாக்கு. ஒருநாள் காலையில மருந்துக் கடையில போய்ப் பேசினாங்க, பேச்சு குழறிச்சு. கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கிட்டு, விடிஞ்சதும் விடியாததுமா குடிக்கலாமா அம்மான்னு புத்தி சொன்னார்.

— கர்மம். டாக்டர்கிட்ட போகலையா?

— போகாம? எலும்பு டாக்டர் எலும்பைப் பார்த்தார். முதுகு டாக்டர் முதுகைப் பார்த்தார். ஒருத்தர் வேலையை விட்டுட்டு ஓய்வெடுங்கன்னார். ஒரு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. கடைசியா நரம்பு டாக்டர்கிட்ட போனதும் அவர் கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற மேடு வத்திப் போயிருந்தது. தோலுக்கு அடியில தசை தன்னால துடிச்சுக்கிட்டிருந்தது.

— இருங்க, இருங்க. நான் என் கையைப் பார்த்துக்கறேன்.

— பார்த்தேன். உங்களுக்கு மேடு நல்லா இருக்கு. மைக்கைப் பிடிச்சுப் பிடிச்சு தடிச்சிருக்கு.

— நீங்க சிரிப்புக் காட்டறீங்க, நான் இன்னொரு கையையும் பார்த்துக்கறேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருக்கலாம்? குணமாகாதுன்னு சொல்றீங்களே, அப்ப தெரிஞ்சு என்ன, தெரியாம என்ன? தப்பா நினைக்காதீங்க, நேயர் கேட்பார்ல.

— நல்ல கேள்வி. எல்லாரும் மனசுக்குள்ள கேட்பாங்க, வாயால நீங்கதான் கேட்டீங்க. … மருந்தை ஒரு வருஷம் முன்னாடி தொடங்கியிருக்கலாம். தேவையில்லாத ஊசியெல்லாம் மிச்சம். மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் உதவிக் கருவிகள் இருக்கு, அதை மூச்சு முட்டற வரைக்கும் தள்ளிப் போட வேண்டாம். குரல் இருக்கும்போதே யார்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லிடலாம்.

— ம்.

— என்ன சார், நீங்களே மௌனம் விடறீங்க?

— நீங்க சொன்னது உள்ள இறங்க இடம் வேணும்ல. அது இருக்கட்டும், ரொம்ப நேரமா பேசறோம். டீ குடிச்சீங்களா அம்மா? என்னால உங்க டீ ஆறிப் போயிடப் போகுது. … அம்மா? … டீக்குக்கூடவா கம்பி மக்கர் பண்ணும்? … சரி, குடிச்சுட்டே வாங்க.

— வாசனை மட்டும்.

— வாசனை மட்டும்னா? சர்க்கரை வியாதியா?

— இல்ல. டாக்டர் வாசனையோட நிறுத்திக்கச் சொல்லிட்டார்.

— பாவம்.

— அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். நான் சொன்னேனே, நெருங்கினவங்க. அவங்களுக்கு எதுக்குக் கோபம் வரும் தெரியுமா? பார்க்க வர்றவங்க சத்தமா, இழுத்து இழுத்து, குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசுவாங்க. இல்லன்னா பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட 'இவங்களுக்குப் புரியுமா'ன்னு கேட்பாங்க.

— அடப் பாவிகளா. ஆளை எதிர்ல வெச்சுக்கிட்டேவா? நான்லாம் அப்படிப் பேச மாட்டேன்.

— பார்க்கலாம்.

— பார்க்கலாம் என்ன பார்க்கலாம். நான் மனுஷங்க முகத்தைப் பார்த்துப் பேசறவன் இல்ல, குரலைக் கேட்டுப் பேசறவன். ஒரு தடவை கேட்ட குரல் இந்தக் காதை விட்டுப் போகாது. அதுல ஒண்ணு சொல்லட்டுமா? வந்ததுலேருந்து உங்க குரல் காதுல உறுத்திக்கிட்டே இருக்கு. எங்கயோ கேட்டிருக்கேன்.

— எங்க?

— அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். எனக்காக ஒண்ணு சொல்லுங்க. 'கதவு மூடுகிறது.'

— கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்.

— பிடிச்சேன் பார்த்தீங்களா. விலகி நிக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லையே. நீங்கதான் இந்த லிஃப்ட். கீழ ஏறும்போது கதவு மூடுதுன்னு சொன்னதே, அது உங்க குரல்.

— தம்பி கம்பெனியில குரலுக்கு ஆள் தேடினாங்க. வெளியாளைக் கூப்பிட்டா செலவுன்னு அக்காவைப் பேசவெச்சுட்டான். ஊர்ல பாதி லிஃப்ட்ல நான்தான் கதவைச் சாத்தறேன்.

— அப்படின்னா தொழில்முறைக் குரல். அதான் இவ்வளவு சுத்தமா… இருங்க. இருங்க இருங்க.

— என்ன?

— மனசுக்குள்ள வேற ஒண்ணு தட்டுது. போன்ல அந்த அறிவிப்பு இருக்கு, போட்டுக் கேட்கறேன். நீங்களும் கேளுங்க.

— நான் ஒரு நோயாளி. என் கால் நின்றது. என் கை நின்றது. நான் நிற்கவில்லை. உங்கள் கையில் சாவி திரும்பவில்லை என்றால், பூட்டை மட்டும் பார்க்காதீர்கள்.

— கேட்டீங்களா? இதுவும் நீங்க.

— ஆமா.

— ஆமான்னு சாதாரணமா சொல்றீங்க. என் காதுலேயே பூ சுத்தப் பார்த்தீங்களே அம்மா. லிஃப்டுக்குக் குரல் கொடுக்கிற தெம்பான ஆளைப் பிடிச்சு, 'நான் ஒரு நோயாளி'ன்னு பேசவெச்சு, என் தலையில கட்டப் பார்க்கறீங்க. நடுக்கம் இல்லன்னு நான் நினைச்சதுக்குக் காரணம் இப்பத்தான் புரியுது. நோயே இல்லாம நடுக்கம் எங்கிருந்து வரும்?

— நோய் இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?

— நீங்களே சொன்னீங்களே, நாக்குக்கு வந்தா குடிச்ச மாதிரி பேச்சு குழறும்னு. உங்களுக்கு எங்க குழறுது? சுத்தமா, தெளிவா, என்னையே வாய மூடச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. நான் சண்டைக்காரன் இல்ல அம்மா. விஷயம் நல்ல விஷயம்னு இப்ப எனக்குத் தெரியுது, அதனாலதான் கோபம் வருது. இவ்வளவு உண்மையான விஷயத்துக்கு ஏன் ஒரு பொய்க் குரல்? நாளைக்கு ஒரு நேயர் கண்டுபிடிச்சா எங்க நிலையத்துப் பேரும் போச்சு, உங்க சங்கத்துப் பேரும் போச்சு. … பேசுங்க. … இப்ப எந்தக் கம்பி மக்கர் பண்ணுது?

— நல்ல காது சார் உங்களுக்கு. கேட்டது எல்லாம் சரி.

— அப்ப ஒத்துக்கறீங்களா?

— கேட்டதுதான் சரி. முடிவு கட்டினது தப்பு. கோபத்தை ஆற விடாம மேல கொண்டு வாங்க. நேர்ல சண்டை போடலாம்.

— வர்றேன், முதல்ல இந்தப் பெட்டியை நகரச் சொல்லுங்க. இது அடிக்கடி இப்படி நிக்குமா?

— அடிக்கடி இல்ல. ஆள் பார்த்து நிக்கும்.

— குத்தலுக்குக் குறைச்சலே இல்ல. … அட, நகருது. வந்துட்டேன், வந்துட்டேன்.

— ஏழாவது மாடி. கதவு திறக்கிறது.

— வாங்க சார், பார்த்து இறங்குங்க. நான்தான் லிஃப்ட் மெக்கானிக்.

— அந்தத் தம்பி நீதானா? கையைக் கொடுப்பா. இன்டர்காம்ல பேசின உங்க அக்காவை முதல்ல காட்டு. அப்புறம் செயலாளர். ரெண்டு பேர்கிட்டயும் எனக்குச் சண்டை இருக்கு.

— ரெண்டும் ஒரே ஆள்தான் சார். இந்தக் கதவு. வயரை மிதிச்சுடாதீங்க. அக்கா, சார் வந்துட்டார். … சார்? உள்ள வாங்க சார். ஏன் வாசல்லயே நின்னுட்டீங்க?

— தம்பி… இந்தச் சக்கர நாற்காலியில… இவங்களா? மூக்குல குழாய்… நான் பேசினது… வண…க்கம் அம்மா. நான்… வா…னொ…லியில… இருந்து… வந்திருக்கேன்.

— சார், சத்தம் வேண்டாம். அக்காவுக்குக் காது நம்மைவிட நல்லா கேட்கும்.

— மன்னிச்சுக்கப்பா. இவங்களுக்கு நான் சொல்றது…

— அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுடாதீங்க சார். கொஞ்சம் காத்திருங்க. முகத்தைப் பார்க்காதீங்க, அந்தத் திரையைப் பாருங்க. அக்கா கண்ணு எந்த எழுத்து மேல நிக்குதோ அந்த எழுத்து விழும். ஒவ்வொண்ணா விழணும். முடிஞ்சதும் குரல் வரும்.

— பார்க்கலாம்னு அப்பவே சொன்னேன் இல்ல சார்?

— அதே குரல்.

— அதேதான் சார். அக்கா வாய் அசையறது நின்னு ஒண்ணரை வருஷம் ஆச்சு.

— அப்ப இந்தக் குரல்?

— நாங்க லிஃப்டுக்காகப் பதிவு பண்ணினது எல்லாம் என்கிட்ட இருந்தது. சரியா வந்தது, தப்பா வந்தது, நடுவுல என்னைத் திட்டினது, எல்லாமே. அப்புறம் நாக்கு தடிக்க ஆரம்பிச்சதும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொன்னாங்க, குரல் இருக்கும்போதே வாக்கியம் வாக்கியமா படிச்சுச் சேர்த்து வைங்கன்னு. ராப்பகலா உட்கார்ந்து படிச்சாங்க. அதெல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டர்ல போட்டு இந்தக் குரலை உருவாக்கிக் கொடுத்தாங்க. அக்கா எழுதறதை அது பேசும்.

— அந்தச் சிரிப்பு? அது கம்ப்யூட்டர் சிரிப்பு இல்லையே. என் காது பொய் சொல்லாது.

— அது நிஜம் சார். பதிமூணாம் மாடின்னு சொல்ல வேண்டிய இடத்துல நாலு தடவை தப்பு விட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எங்களுக்குக் கிடைச்ச ஒரே சிரிப்பு அதுதான். கடைசியில அந்த 'ஐயோ, மறுபடி தப்பு'ன்னு வருதே, அதை வெட்டி எடுக்கச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல.

— ஹஹ்ஹஹ்ஹா… ஐயோ, மறுபடி தப்பு.

— அம்மா, என்னை அழவைக்காதீங்க. எங்க போனாலும் கூடவே வருவாங்கன்னு சொன்னீங்களே, நெருங்கினவங்க…

— பொய் ஒண்ணும் சொல்லலையே.

— சொல்லல. கம்பி மெதுவுன்னு சொன்னதுகூடப் பொய்யில்ல. நான்தான் டீக்கும் சர்க்கரைக்கும் பேசிக்கிட்டு இருந்தேன். … முதல்லயே ஏன் சொல்லல?

— இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் நேரா மேல வந்துட்டாங்க சார். வாசல்ல நின்னு அக்காவைப் பார்த்தாங்க. அப்புறம் அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசல. என்னைப் பார்த்தே பேசிட்டு, பாவம்னு சொல்லிட்டு, கீழ போயிட்டாங்க. அக்கா பதில் எழுதி முடிக்கிறதுக்குள்ள லிஃப்ட் கீழ போயிருக்கும்.

— இரு தம்பி. அம்மா கண்ணு நகருது. நான் காத்திருக்கேன். … காத்திருக்கேன் அம்மா, நிதானமா எழுதுங்க.

— இன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தர் என்கூடச் சண்டை போட்டார். நல்லா இருந்தது. இப்ப சொல்லுங்க சார். எந்த இடத்துல நடுங்கணும்?

— எங்கயும் வேண்டாம். நடுங்கினது நான்தான், இந்த வாசல்ல நின்னு. அறிவிப்பு நாளைலேருந்து போகும், ஒரு எழுத்து மாத்த மாட்டேன். சோப்புக்காரன் வேற இடம் பார்த்துக்கட்டும். ஆனா எனக்கு அது போதாது. இன்னொண்ணு கேட்கட்டுமா?

— கேளுங்க.

— ஒருநாள் நேரடி ஒலிபரப்புல வாங்க. நாங்களே மைக்கைத் தூக்கிக்கிட்டு இங்க வர்றோம். நான் உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்பேன். கேட்டுட்டு வாய மூடிக்குவேன். பாட்டுப் போட மாட்டேன், மணி அடிக்க மாட்டேன். உங்க பதில் வர்ற வரைக்கும் ஊரே காத்திருக்கட்டும்.

— உங்க நேயர் திருப்பிட மாட்டாரா சார்? அக்கா ஒரு வரி எழுதறதுக்குள்ள…

— திருப்பறவன் திருப்பட்டும் தம்பி. மேலதிகாரி என்னைத் தொங்கவிடுவார், விடட்டும், இன்னைக்குத்தான் தொங்கிப் பழகியிருக்கேனே. காத்திருக்கிறவன் ஒருத்தன் இருப்பான் இல்ல? அவன் அடுத்த தடவை இப்படி ஒருத்தரைப் பார்த்தா, பதில் வர்றதுக்கு முன்னாடி எழுந்து போக மாட்டான்.

— என்ன கேள்வி?

— நோயைப் பத்திக் கேட்க மாட்டேன். அதைத்தான் தயாரா வெச்சிருக்கீங்களே, கடகடன்னு கொட்டிடுவீங்க. டீ குடிச்சீங்களான்னு கேட்பேன்.

— பதில் உங்களுக்குத்தான் தெரியுமே.

— எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாமா? … சிரிக்கறீங்க. கண்ணுல தெரியுது. இந்தத் தடவை நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டேன். சரி, நான் கிளம்பறேன், சாயந்திரத்துக்குள்ள சொல்லணும். படியிலயே இறங்கிடறேன். தம்பி, போறதுக்கு முன்னாடி ஒண்ணு, அந்த லிஃப்டை ஒழுங்கா சரி பண்ணு. எனக்கு நின்னது என் நல்ல நேரம். எல்லாருக்கும் அப்படி இருக்குமா?

— அது வந்து சார்… லிஃப்டுக்கு… அக்கா, நீயே சொல்லிடு.

— என்னப்பா முழிக்கற? இரு, அம்மா எழுதறாங்க. காத்திருப்போம்.

— தம்பி, நாளைக்குக் காலையில பத்திரிகைக்காரர் வர்றார். இவருக்கு நிறுத்தின அதே இடத்துல நிறுத்துடா, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. அங்கதான் நல்லா கேட்குது.